வெள்ளிக்கிழமை கவிழ்த்த நாற்பது பூச்சி

வாடிப்பட்டி
25-8-2025

சம்பந்தியம்மா ஹம்சவேணி அவர்களுக்கு ரெங்கம்மாள் எழுதுவது.

போனில் பேசாமல் இவள் ஏன் காகிதம் அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் நடுவில், "பொண்ணு வீட்டுச் சீர்ல பல்லியும் வந்திருக்கு" என்று சிரித்தீர்களே, அன்றைக்கே உங்களோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அது நம் இரண்டு பேருக்குள். வாயில்லாச் சீவன் அதற்கு என்ன செய்யும்? அதனால் எழுதுகிறேன்.

என் மகள் முனீஸ்வரியும் மாப்பிள்ளையும் ஓசூர் போய் இரண்டு நாள் ஆகிறது. அங்கே வாடகை வீட்டுக்காரர் அவளுடைய கண்ணாடிப் பெட்டிப் பல்லி கூடாது என்றதும், மூன்று வருடம் வளர்த்த என்னிடம் விடாமல் உங்கள் வீட்டில் விட்டுப் போயிருக்கிறாள். கேட்டால், "மதுரையில கரண்டு போகாதும்மா, பெட்டிச் சூடு ஆறாது, பல்லி பாக்குற டாக்டரும் அங்கதான இருக்காரு" என்கிறாள். வளர்க்கிறது அத்தையாம், பூச்சி அனுப்புகிறது அம்மாவாம். இருக்கட்டும்.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊர்ச் சோணைமுத்து அண்ணன் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வருவார். அவரிடம் டப்பா கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். உள்ளே இருப்பது சுவர்க்கோழிப் பூச்சி. என் வீட்டு டிரம்மில் முட்டை அட்டை அடுக்கி நானே வளர்த்தது. காட்டில் பிடித்ததை ஒருநாளும் போடாதீர்கள், மருந்தடித்த செடியைத் தின்றிருக்கும். போடுவதற்கு முந்தின நாள் பூச்சிக்குக் கேரட்டும் கீரையும் கொடுங்கள். பூச்சி என்ன தின்கிறதோ அதுதான் பல்லிக்குச் சத்து. பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவில் எவ்வளவு அகலமோ அதைவிடப் பெரிய பூச்சி வேண்டாம், தொண்டையில் சிக்கும். கால்சியம் பொடி கொஞ்சம் போட்டுப் பூச்சியைக் குலுக்கி எடுத்துப் போடுங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து. தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முனீஸ் தன் கையால் எனக்கு எழுதிக்கொடுத்த தாள் இங்கே சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முக்கால்வாசி சொல்லிவிட்டேன். மிச்சம் பழகப் பழகத் தெரியும்.

அதன் பெயர் சோளம். சோளக்கதிர் நிறம் என்று நான் வைத்த பெயர்.

ரெங்கம்மாள்


பந்தடி, மதுரை
29-8-2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் டப்பாவும் பத்திரமாக வந்தன. மண்டபத்தில் நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் கடிதம் எழுதினால் நானும் கடிதமே எழுதுகிறேன். எனக்கும் கை இருக்கிறது.

முதல் நாள் டப்பாவைத் திறந்ததும் ஏழெட்டுப் பூச்சி குதித்து ஓடிவிட்டன. இரண்டு பூஜை அறையில் பெருமாள் படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. எங்கள் வீட்டுக்காரர் சௌரிராஜன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "மொதல்ல கதவச் சாத்து, தெருவெல்லாம் சிரிக்கப் போகுது" என்று சத்தம் போட்டார். அன்றிரவு முழுவதும் பெருமாளுக்குப் பின்னால் கச்சேரிதான். இப்போது பழகிவிட்டேன். டப்பாவைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் பூச்சி மந்தமாகிவிடுகிறது. இதை நானே கண்டுபிடித்தேன். உங்கள் கடிதத்தில் இல்லை.

உயிரோடு ஒன்றை இன்னொன்றுக்குப் போடுவது எனக்கு முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது வாலை ஆட்டிக்கொண்டு, குறிபார்த்து, ஒரே பாய்ச்சலில் பிடித்துவிட்டு, பிறகு நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும்போது கோபிக்க முடியவில்லை. இப்போது என் கை தெரிந்தாலே கண்ணாடிப் பெட்டியின் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. முனீஸ் தினமும் மாலை வீடியோவில் கூப்பிட்டு அதைப் பார்க்கிறாள். அரைமணி நேரம் போவதே தெரிவதில்லை.

உடம்பெல்லாம் பூந்தி ஒட்டினதுபோல் புள்ளி இருப்பதால் நாங்கள் லட்டு என்று கூப்பிடுகிறோம். அதற்கும் திரும்பிப் பார்க்கிறது.

ஹம்சவேணி


வாடிப்பட்டி
2-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

லட்டுவா? நல்லது. பல்லிக்குக் காது உண்டு, பெயர் தெரியாது. கதவு சாத்துகிற சத்தத்துக்கும்தான் அது திரும்பும்.

தினமும் அரைமணி நேரமா? எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வருகிறது. "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியா, சரிம்மா வைக்கிறேன்." அவ்வளவுதான். போன ஞாயிறு நான் கேட்டேன், "சோளம் எப்படி இருக்கு?" அதற்கு அவள், "லட்டு சூப்பரா இருக்கும்மா" என்றாள். பெற்ற மகள் வாயிலேயே பெயர் மாறிவிட்டது. பிறகு நான் என்ன பேச?

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவள் கல்லூரியில் படிக்கும்போது செருப்பு டப்பாவில் அதைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். என் விரல் நீளம்கூட இல்லை. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவள் அழுதாள். அவளுக்கு அப்பா இல்லை, அழுதால் எனக்குத் தாங்காது. கிணற்று மேட்டுச் செடியில் பிடித்த வெட்டுக்கிளியை அதற்குப் போட்டேன். கத்தரிக்கு மருந்தடித்த மூன்றாம் நாள் அது. பல்லி வாயைப் பிளந்துகொண்டு நடுங்கியது. நாலு நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிழைக்க வைத்தேன். அதன் பிறகுதான் டிரம் வாங்கிப் பூச்சி வளர்க்க ஆரம்பித்தது. ஊரில், "ரெங்கம்மா கோழிப் பண்ணை வைக்காம பூச்சிப் பண்ணை வச்சிருக்கா" என்று சிரித்தார்கள். முட்டையிட ஈர மணல், குஞ்சுப் பூச்சிக்குத் தவிடு, முழுகிச் சாகாமல் இருக்கத் தண்ணீரில் பஞ்சு என்று ஒவ்வொன்றும் நான் தப்புச் செய்து கற்றது.

பூச்சியைக் குளிரவைப்பது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. எனக்கு அது மூன்று வருடமாகத் தெரியும்.

தீபாவளிக்கு அவள் வரும்போது சோளத்தை என்னிடமே திருப்பிவிடச் சொல்வேன். கரண்டுக்கு இன்வெர்ட்டர் போட்டாகிவிட்டது.

ரெங்கம்மாள்


பந்தடி, மதுரை
14-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் பல்லிக்குச் சண்ட போடுறீங்களா, பொண்ணுக்குச் சண்ட போடுறீங்களா?" என்று கேட்டார். நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

திருப்பிக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை முனீஸ் முடிவு செய்யட்டும். நேற்று அவளாகவே சொன்னாள், "ரொம்ப நல்லாப் பாத்துக்குறீங்க அத்தை" என்று. நான் கேட்டு வாங்கிய வார்த்தை இல்லை. கிரிதரன் ஒரே பிள்ளை. அவன் ஓசூர் போன பிறகு இந்த வீட்டில் மாலை நேரம் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். இப்போது ஐந்தரை ஆனால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஒரு சந்தேகம். புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது. எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் பெருமாளுக்குத் தளிகை போடுவோம். அன்றைக்கு ஓர் எறும்பைக்கூட நசுக்க மாட்டோம். அந்தக் கையால் லட்டுவுக்குப் பூச்சி போட என்னால் முடியாது. முதல் சனிக்கிழமை அழகர்கோவிலுக்கும் போகிறோம், திரும்ப இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலையே சனிக்கும் சேர்த்துப் பூச்சியை உள்ளே போட்டு வைத்துவிடலாமா? அதுவாகப் பசிக்கும்போது பிடித்துத் தின்னும் அல்லவா? அதனால் லட்டுவுக்கு ஏதும் கெடுதல் இல்லையே? இதற்கு மட்டும் தவறாமல் பதில் எழுதுங்கள்.

ஹம்சவேணி


வாடிப்பட்டி
18-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லாப் பார்த்துக்கொள்வதாக என் மகளே சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம் என்ன கேள்வி?

உங்கள் வீட்டு விரதம் உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நாற்பது பூச்சி அனுப்பியிருக்கிறேன். நல்ல வளர்ந்த பூச்சி. கூடக்குறையப் போடுவது உங்கள் இஷ்டம்.

ரெங்கம்மாள்


பந்தடி, மதுரை
22-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டைக் கழுவிவிட்டேன். மறுநாள் தளிகை. பூச்சி டப்பா வீட்டில் இருக்கவேண்டாம் என்று நினைத்தேன். நீங்களும் என் இஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். நாற்பதையும் பெட்டிக்குள் கவிழ்த்துவிட்டேன். நாங்கள் இல்லாத நேரத்தில் அது பசியோடு இருக்கக்கூடாது என்ற எண்ணமும்தான்.

சனிக்கிழமை அழகர்கோவிலில் கூட்டம். வீடு திரும்பி விளக்கைப் போட்டதும் பெட்டியைப் பார்த்தேன். தின்றது போக மிச்சப் பூச்சி முப்பதுக்கு மேல் இருக்கும். அவற்றுக்கு உள்ளே தின்ன ஒன்றுமில்லை. லட்டுவைத் தின்றிருக்கின்றன. வலது கண் இமையில் சதை இல்லை. முன்காலில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. வாலில் வரிசையாகப் புண். அது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது, அதன் முதுகு மேல் இரண்டு பூச்சி உட்கார்ந்திருந்தன. அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை, விரதத்தோடு, என் கையாலேயே ஒவ்வொரு பூச்சியாகப் பிடித்து நசுக்கினேன். எத்தனை என்று எண்ணவில்லை.

நேற்று மகாளய அமாவாசை. வீட்டில் தர்ப்பணம் முடியும்வரைகூட நிற்காமல் ஆட்டோ ஏறிவிட்டேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிச்சப் பூச்சிய எடுத்துரணும்னு தெரியாதாம்மா? பசிச்ச பூச்சி சும்மா இருக்குமா? ஒரு நாள் பட்டினி போட்டிருந்தாக்கூட இதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, வாலுலதான் கொழுப்பச் சேத்து வச்சிருக்குதே" என்றார். கண் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். புண் ஆறாவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். மருந்து போட்டுத் தினமும் இடுக்கியால் வாய்க்கருகில் பூச்சியைக் காட்டி ஊட்ட வேண்டும். இப்போது அதற்குத் தானாகப் பாய்ந்து பிடிக்க வராது.

முனீஸிடம் சொன்னேன். அழுதாள். "மிச்சத்த எடுக்கணும்னு அம்மா எழுதியிருப்பாங்களே அத்தை" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உங்கள் முதல் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். அதில் இல்லை. பிறகு அவளைக் கூப்பிட்டு, எழுதியிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரியாதா, தெரிந்தே எழுதவில்லையா?

ஹம்சவேணி


வாடிப்பட்டி
23-9-2025

அம்மா,

இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில், இதுகூடவா ஒருத்தி சொல்லித் தெரியவேண்டும் என்று உங்களையே கேட்டிருந்தேன். இரண்டாவதில் மறந்துவிட்டேன் என்று எழுதினேன்.

தெரியும். தெரிந்தேதான் எழுதவில்லை.

முனீஸ் கொடுத்த தாளில் அதுதான் கடைசி வரி. சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாள். தின்றது போக மிச்சத்தைக் கால்மணி நேரத்தில் எடுத்துவிடணும் என்று. அந்த வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு என்னிடம் என்ன இருக்கும் என்று தோன்றியது. நாலு பூச்சி போட்டால் நாலையும் தின்றுவிடும், பெரிதாக ஒன்றும் ஆகாது, எப்போதாவது ஒரு சின்னக் கடி படும், நீங்கள் பயந்து முனீஸைக் கூப்பிடுவீர்கள், அவள், "அம்மாகிட்ட இருந்தா இப்படி ஆகியிருக்காது" என்பாள். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அது சாகட்டும் என்று நினைக்கவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நீங்கள் புரட்டாசி பற்றிக் கேட்டபோது நன்றாகவே தெரிந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாம். சனிக்கிழமை பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது என்று. அந்தக் கடிதத்தில் உங்களை அவள் மெச்சிய வரிக்கு மேல் என் கண் நகரவில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் நாற்பது பூச்சியை எண்ணி டப்பாவில் போட்டேன். வளர்ந்த பூச்சியாகப் பார்த்துப் போட்டேன்.

நீங்கள் என்னைக் காப்பாற்ற முனீஸிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பொய்யில் நான் நல்ல அம்மாவாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அதையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு இருக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. சோணைமுத்து அண்ணன் கொண்டுவந்த உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை மேல் தப்பில்லை, எழுதாதது நான் என்று. அவள் முழுவதும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். பிறகு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

அதற்கு வாயில் வைக்கச் சின்னப் பூச்சியாக, தோலுரித்த மெத்தென்ற பூச்சியாகப் பொறுக்கியிருக்கிறேன், வெள்ளிவரை காத்திராமல் நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். பின்னங்கால் முள்ளை நறுக்கிவிட்டேன். அதற்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் எழுதவேண்டாம்.

ரெங்கம்மாள்


பந்தடி, மதுரை
25-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

வேறொன்றும் எழுதவேண்டாம் என்கிறீர்கள். நான் எழுதுவேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன். இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்த இமையைக் கழுவும்போதெல்லாம் வருகிறது.

ஆனால் நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன். ரொம்ப நல்லாப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று முனீஸ் சொன்னதாக எழுதினேன் அல்லவா, அவள் அதோடு நிறுத்தவில்லை. "ரொம்ப நல்லாப் பாத்துக்குறீங்க அத்தை, எங்க அம்மா மாதிரியே" என்றாள். பின்பாதியை நான் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. இது உங்கள் தப்புக்குச் சமம் என்று சொல்லவரவில்லை. ஓர் உயிர் இதனால் கண்ணை இழக்கவில்லை. இருந்தாலும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

நேற்று ஒரு பூச்சி தின்றது. இன்று இரண்டு. வால் புண் காய்கிறது. கண் இன்னும் திறக்கவில்லை.

நாளை மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. டாக்டர் ஒரு நாளும் விடாமல் ஊட்டச் சொல்லியிருக்கிறார். போன சனிக்கிழமை கோபத்தில் செய்ததை இந்தச் சனிக்கிழமை தளிகை போடும் கையால் நிதானமாகச் செய்ய என்னால் முடியாது. எங்கள் வீட்டுக்காரர் பூச்சியைக் கண்டால் இன்னும் ஸ்டூல் தேடுகிறார். உங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காலையில் பஸ் ஏறுங்கள். இந்தப் புரட்டாசி முடியும்வரை சனிக்கிழமைகள் உங்களுடையவை. சாப்பாடு தளிகைச் சாதம்தான், கறி கிடையாது.

போனில் பேசமாட்டீர்கள் என்றால் பரவாயில்லை. நேரில் பேசுவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் முடிவு செய்ததாக எழுதவில்லை.

ஹம்சவேணி


வாடிப்பட்டி
28-9-2025

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று ஆரப்பாளையம் பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிட்டது. நீங்கள் கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சோணைமுத்து அண்ணன் வீட்டுக்கும் கொடுத்தேன்.

உங்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் சோளம் என்று கூப்பிட்டேன், அசையவில்லை. நீங்கள் பின்னால் இருந்து, "லட்டு, யார் வந்திருக்காங்க பாரு" என்றதும் தலையைத் தூக்கியது. பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். பார்த்தேன். எரிந்தது. இனிமேலும் எரியும், அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. ஆனால் எரிந்தாலும் எதையும் எழுதாமல் விடமாட்டேன்.

ஐந்தரைக்கு நீங்கள் போனை எடுத்து வீடியோ போட்டதும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். என் முகம் தெரிந்தால் அவள் வைத்துவிடுவாள் என்று பயம். நீங்கள்தான் தோளை அமுக்கி உட்காரவைத்து, போனைப் பெட்டிக்கு மேலே மட்டும் காட்டினீர்கள். இடுக்கியில் பூச்சியைப் பிடித்து நான் நீட்டினேன். அது ஒற்றைக் கண்ணால் குறிபார்க்கத் தெரியாமல் இரண்டு தடவை காற்றைக் கவ்வியது. மூன்றாவது தடவை பிடித்தது. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அவள் குரல் வந்தது. "அது அம்மா கைதான?" என்றாள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அடுத்த பூச்சியை எடுத்தேன். உடனே, "ஏம்மா, இடுக்கிய அம்புட்டுக் கிட்ட கொண்டு போகாத! இருக்குற ஒரு கண்ணையும் குத்திப்புடாத! எத்தன தடவ சொல்றது ஒனக்கு, தள்ளிப் பிடி!" என்று கத்தினாள். உங்கள் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். நான் தள்ளிப் பிடித்தேன். "இன்னும் தள்ளி" என்றாள். இன்னும் தள்ளிப் பிடித்தேன்.

வாசலில் என்னை வழியனுப்பும்போது, "எங்கிட்ட அவ ஒருநாளும் இப்படிக் கொரல ஒசத்துனதில்ல, எப்பவும் தயவுசெஞ்சு அத்தைன்னுதான் ஆரம்பிப்பா" என்று சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் கவனித்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, மன்னிக்கவும். பஸ்ஸில் வாடிப்பட்டி வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ரெங்கம்மாள்